நேராக இருப்பது திறந்த பீரோ

1

காலை ஏழு ஐம்பது. நூலகத்தில் ஊழியர்கள் வரும் பின்வாசலைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் நாடா. அம்புக்குறியாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். சற்றுத் தள்ளி இன்னொன்று. படிக்கட்டின் அடியில் மூன்றாவது. முந்தைய நாள் மாலை நான் விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பியபோது தரை வெறுமையாக இருந்தது.

இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு பல்கலைக்கழக நூலகம் இது. புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் எனக்கு வேலை. இந்த நாட்டில் வந்து இறங்கி அன்றோடு பத்தாண்டு. காலையில் என் கணவர் அதைச் சொன்னார். நான் அவருடைய சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன்.

"அப்படியா?" என்றேன்.

"ஆமா, இதே தேதிதான்" என்றார்.

மகள் நஸ்ரின் பால் ஊற்றிய சோளப்பொரியைத் தின்றுகொண்டிருந்தாள். பன்னிரண்டு வயது. நாங்கள் என்ன பேசுகிறோம் என்று கேட்கவில்லை. வெளியே தூறிக்கொண்டிருந்தது. பேச்சு அதோடு முடிந்தது.

நாடா எதற்கு என்பது எட்டு மணிக்குத் தெரிந்தது. எங்கள் நூலகர் மார்கரெட்டும் மூன்று மாணவர்களும் சேர்ந்து, புதிதாக வரும் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி தயாரிக்கிறார்கள். கணினியில் போட்டுப் பார்க்கிற வட்டு. அதில் வரப்போகும் வாசகங்களைத் தாளில் அச்சிட்டு வைத்திருந்தார்கள். யாராவது ஓர் ஆள் அதைப் படித்துக்கொண்டே நடந்து, மேல்மாடியில் ஓர் ஆய்விதழைக் கண்டுபிடிக்க வேண்டும்.

"நீ மேல்மாடிக்குப் போவதே இல்லையே, அதனால் நீதான் சரி" என்றார் மார்கரெட். மதிய உணவுக்குப் பிறகு என்று முடிவாயிற்று.

நான் சரி என்றேன். இப்படி ஒரு வழிகாட்டியை இதற்கு முன்பு ஒருமுறை செய்திருக்கிறேன் என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. சொன்னால் எங்கே என்று கேட்பார்கள். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் என்று பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

2

ராஜபாளையத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் மேற்கே மலை தெரியும். அய்யனார் கோவிலுக்குப் போகிற பக்கம். அதனால் எங்கள் ஊரில் எல்லாவற்றையும் திசையை வைத்தே சொல்வார்கள். வீட்டுக்குள்ளும் அப்படித்தான். "மேக்குச் சொவத்து ஆணியில சட்டைய மாட்டு." "சோத்துத் தட்ட செத்த கெழக்க தள்ளு, நான் உக்காரணும்." இடது, வலது என்ற சொற்களை நான் கேட்டது பள்ளியில் டிரில் வகுப்பில். அங்கிருந்து வெளியே வந்ததும் அவற்றுக்கு வேலை கிடையாது.

என் அத்தாவுக்கு இரும்புச் சாமான் கடை. பள்ளிவாசல் தெருவில் வீடு. தொழுகைக்கு நிற்பதும் மலையைப் பார்த்துத்தான். மேற்கு எது என்று எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததாக நினைவில்லை.

இந்த ஊரில் மலை இல்லை. சூரியன் உண்டு, பார்ப்பது அரிது. வந்த வாரத்தில் கணவர் திசைகாட்டி வாங்கிவந்து, வரவேற்பறைக் கம்பளத்தில் தொழுகைப் பக்கத்தைக் குறித்து ஒரு வெள்ளை நாடாவை ஒட்டினார். இங்கிருந்து அது தென்கிழக்கு. நஸ்ரின் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பழக்க தோஷத்தில், "மேக்க பாத்து நில்லுட்டி" என்று சொல்லித்தான் அவளை அந்த நாடாவின் முன் நிறுத்துவேன். கணவர் சில நாள் திருத்தினார். பிறகு விட்டுவிட்டார்.

கார் ஓட்டும் தேர்வில் இரண்டு முறை தோற்றேன். தேர்வாளர் இடது என்பார். நான் யோசித்து முடிப்பதற்குள் திருப்பம் பின்னால் போய்விடும். அவர் மரியாதையான மனிதர். முடிவுத் தாளில் "தயங்குகிறார்" என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். மூன்றாவது முறை விண்ணப்பிக்கவில்லை. பேருந்தில் வேலைக்குப் போகிறேன். என் நிறுத்தத்தில் ஒரு சிவப்புத் தபால் பெட்டி இருக்கிறது. அதைப் பார்த்ததும் இறங்குவேன்.

3

எங்கள் கல்லூரி இரண்டு ஊர்களுக்கும் நடுவில், பஸ் நிற்கிறது என்பதால் மட்டும் ஒரு பெயர் கிடைத்த இடத்தில் இருந்தது. ஒரு பக்கம் நூல் மில். மறுபக்கம் மாந்தோப்பு. எண்பதுகளின் நடுப்பகுதி. வ. புதுப்பட்டி, கூமாப்பட்டிப் பக்கமிருந்து வருகிற விவசாய வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர். கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்கள்தான், அவர்கள் வீட்டில்.

நூலகம் நீளமான ஒரு ஹால். வாசல் கிழக்கே. சுவரோரம் முழுக்க மர பீரோக்கள். எல்லா பீரோவுக்கும் கதவு, எல்லாக் கதவுக்கும் பூட்டு. நடுவில் செய்தித்தாள் மேசை. புத்தகம் வேண்டுமென்றால், பெயரையும் ஆசிரியரையும் சீட்டில் எழுதி அட்டெண்டரிடம் நீட்ட வேண்டும். அவர் சாவிக்கொத்தோடு எழுந்து போவார். சில நாள் புத்தகத்தோடு திரும்பி வருவார்.

என் வகுப்பில் தங்கப்பாண்டி என்று ஒருவன். வ. புதுப்பட்டிக்காரன். முதல் வருடம் அவன் ஒரு சீட்டு எழுதி நீட்டினான். நான் பின்னால் நின்றிருந்தேன்.

அட்டெண்டர் சீட்டைத் தூக்கிப் பிடித்துச் சத்தமாகப் படித்தார். "கணக்குப் புத்தகம். எந்தக் கணக்குலே? பால் கணக்கா, மளிகைக் கணக்கா?"

மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தங்கப்பாண்டி சீட்டைத் திரும்ப வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனான். அந்த வருடம் முழுக்க அவன் நூலகத்துக்கு வரவில்லை.

அடுத்த வருடம் பாக்கியம் மேடம் நூலகராக வந்தார். கூமாப்பட்டி. மதுரையில் நூலகப் படிப்பு முடித்தவர். எங்களைவிட ஐந்தாறு வயதுதான் பெரியவர் என்பதால் சேலையில் இல்லாவிட்டால் மாணவி என்றே நினைப்பார்கள். தற்காலிக வேலைதான். வந்த சில வாரங்களில் முதல்வரிடம் போய், பீரோக் கதவுகளைக் கழற்ற வேண்டும் என்று கேட்டார். மாணவர்கள் தாங்களே போய் எடுக்கட்டும் என்றார்.

"தொறந்து போட்டா புத்தகம் மிஞ்சுமாம்மா?" என்றார் முதல்வர்.

"பூட்டி வச்சதுல பாதிப் புத்தகம் இன்னும் பக்கம்கூடப் பிரிக்காம இருக்கு சார். மிஞ்சி என்ன செய்ய?"

முதல்வர் கெட்டவர் இல்லை. ஒரு வருடம் பார்க்கலாம் என்றார். ஆண்டு இறுதியில் பல்கலைக்கழகத்திலிருந்து பார்வைக் குழு வரும். அவர்கள் நல்லபடியாக எழுதினால் கதவுகள் கழற்றியது கழற்றியதுதான், பாக்கியம் மேடத்தின் வேலையும் நிரந்தரமாகும். இல்லையென்றால் இரண்டும் இல்லை. இதை அவர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்.

தச்சர் வந்து கதவுகளைக் கழற்றினார். அட்டெண்டர் தன் ஸ்டூலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுக்கதுக்கு ஊருப்பட்ட பேரு வருவான். எடுத்த எடத்துல திருப்பி வைக்க எந்தத் தொர வருவான்?" என்றார்.

அவர் சொன்னது நடக்கவில்லை. அதைவிட மோசமாக இன்னொன்று நடந்தது. யாரும் வரவே இல்லை. வந்தவர்கள் செய்தித்தாள் மேசையோடு நின்றார்கள். திறந்து கிடக்கும் பீரோக்களை ஒரு தடவை பார்த்துவிட்டு, தாளை மடித்து வைத்துவிட்டுப் போனார்கள். பாக்கியம் மேடம் விதிமுறைகளை அழகான கையெழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார். ஒருவரும் படிக்கவில்லை.

ஒரு நாள் என்னையும் தங்கப்பாண்டியையும் ராமராஜுவையும் கூப்பிட்டார். ராமராஜு ராஜபாளையத்துப் பையன். வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ். மில் விழாக்களில் மைக் பிடிப்பான்.

"ஒங்களுக்கு எது தெரியலன்னு எனக்குத் தெரியல. அத நீங்கதான் சொல்லணும். சொல்லுங்க, சேந்து ஏதாச்சும் செய்வோம்" என்றார்.

தங்கப்பாண்டி அட்டெண்டரின் ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "அண்ணாச்சி என்ன கேப்பாரோன்னுதான் மேடம் யாரும் உள்ள வரல. யாருகிட்டயும் எதுவும் கேக்க வேண்டாம்னு மொதல்ல சொல்லணும். அதையும் யாரும் பாக்காம, காதுக்குள்ள சொல்லணும்" என்றான்.

4

துபாயிலிருந்து என் அண்ணன் ஒரு வாக்மேன் அனுப்பியிருந்தான். காதில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். அதற்கு ஒரு கேசட் செய்வது என்று தீர்மானித்தோம். வாசலில் கேசட்டை ஓட விட்டால், அது சொல்லச் சொல்ல நடந்து, ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி, தனக்கு வேண்டிய புத்தகத்தோடு வெளியே வரலாம்.

தங்கப்பாண்டி எழுதினான். மேடம் பீரோ வரிசைகளைச் சரிபார்த்தார். பேசுவது யார் என்பதில் சண்டை வந்தது.

ராமராஜு ஒருமுறை பேசிப் பதிவு செய்தோம். போட்டுக் கேட்டதும் தங்கப்பாண்டி, "ஏலே, ஓட்டுக் கேக்க மாதிரில்லா இருக்கு. புத்தகத்த எடுக்கச் சொல்லுதியா, சின்னத்துல குத்தச் சொல்லுதியா?" என்றான்.

"அப்ப நீ பேசு. ஆட்ட ஓட்டிட்டுப் போற மாதிரி இருக்கும்."

"ரெண்டு பேரும் வேண்டாம். சபூரா, நீ பேசு" என்றார் மேடம்.

சனிக்கிழமைகளில் பதிவு செய்தோம். மின்விசிறி சத்தம் விழும் என்று அதை நிறுத்திவிட்டு, வியர்வை வழிய உட்கார்ந்திருப்போம். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது மில் சங்கு ஊதியது. ராமராஜு, மறுபடி எடுக்க வேண்டும் என்றான். "கெடக்கட்டும். நம்ம சங்குதானே" என்றார் மேடம்.

கேசட் இப்படிப் போகும்: "வாங்க. செருப்ப வெளிய விட்டாச்சா? சரி. இப்ப பேப்பர் மேசை வரைக்கும் நேரா வாங்க. மேசைக்கு வடக்க இருக்கது தமிழு. தெக்க இருக்கது கணக்கும் பௌதிகமும். இப்ப நாம கணக்கப் பாப்போம். செத்த மேக்க போயி, தெக்க பாத்து நில்லுங்க. ஒங்களுக்கு நேரா இருக்கது தொறந்த பீரோ. யாருகிட்டயும் கேக்க வேண்டாம். நீங்களே கைய நீட்டி எடுத்துப் பாருங்க."

அது வேலை செய்தது. முதலாண்டு மாணவர்கள் வாக்மேனுக்கு வரிசையில் நின்றார்கள். ஒருவர்கூடத் தடம் மாறவில்லை. கூமாப்பட்டியிலிருந்து வந்த ஒரு பெண் தன் கையாலேயே புத்தகம் எடுத்துவிட்டு, காதிலிருந்ததைக் கழற்றி என்னிடம் கேட்டாள்: "அக்கா, நெசமாவே யாருகிட்டயும் சொல்ல வேண்டாமா?"

பதிவேட்டில் எழுதினால் போதும் என்றேன். அவள் எழுதிவிட்டு ஓடினாள்.

தை மாதத்துக்குள் மேடம் ஒரு பெஞ்சு அதிகம் கேட்டு முதல்வருக்கு எழுத வேண்டியதாயிற்று.

5

போன கோடையில் நஸ்ரினை ராஜபாளையத்துக்குக் கூட்டிப் போனேன். மதினி அவளிடம் காசைக் கொடுத்து, நம் வீட்டுக்கு வடக்கே மூன்றாவது கடையில் தயிர் வாங்கி வரச் சொன்னார். நஸ்ரின் வாசற்படியில் நின்று திரும்பிக் கேட்டாள்.

"லெஃப்டா, ரைட்டா?"

அண்ணன் மகன் அவளைவிட இரண்டு வயது சின்னவன். "வடக்குன்னா வடக்குதான். அதுல என்ன லெஃப்ட்டு ரைட்டு?" என்றான். கேலியாகச் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையாகவே தெரியவில்லை.

நஸ்ரின் காசை மதினி கையில் திருப்பிக் கொடுத்தாள். உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த விடுமுறை முடியும்வரை தெருவில் தனியாக இறங்கவில்லை. திரும்பும் விமானத்தில் என்னிடம், அங்கே இருப்பவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டாள். ஆங்கிலத்தில் கேட்டாள். நான் மலையைப் பற்றிச் சொன்னேன். அவள் பாதியில் தூங்கிவிட்டாள்.

6

குழுவில் மூன்று பேர். அதில் நூலகத்தைப் பார்வையிட வந்தவர் சென்னையிலிருந்து வந்த பேராசிரியர். வெள்ளைச் சட்டை, கனமான கண்ணாடி. முதல்வர், மேடம், நாங்கள் மூவர், ஸ்டூலிலிருந்து எழுந்து நிற்கும் அட்டெண்டர். வாக்மேனைப் பார்த்ததும் பேராசிரியருக்கு ஆர்வம் வந்தது.

"நானே மாணவனா நடந்து பாக்கறேன். யாரும் உதவி பண்ணக் கூடாது" என்றார்.

காதில் மாட்டிக்கொண்டு நடந்தார். மேசை வரைக்கும் சரியாகப் போனார். அங்கே ஒரு செய்தித்தாளைப் பார்த்து மேசையைச் சுற்றி வந்தார். பிறகு நின்றார். நாங்கள் கேசட்டின் ஒவ்வொரு வரியையும் மனப்பாடமாக அறிந்தவர்கள். இப்போது எந்த வரி ஓடுகிறது என்று தெரிந்தது. செத்த மேக்க போயி.

அவர் கிழக்கே நடந்தார்.

தங்கப்பாண்டி வாயைத் திறந்தான். மேடம் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். உதவி செய்யக் கூடாது என்று சொல்லியிருந்தாரே.

தெக்க பாத்து நில்லுங்க. பேராசிரியர் யோசித்து, ஒரு பக்கம் திரும்பி நின்றார். அந்த மூலையில், வாசலை ஒட்டி, அட்டெண்டரின் இரும்பு பீரோ இருந்தது. கேசட் அவர் காதில் சொல்லியிருக்கும்: நேரா இருக்கது தொறந்த பீரோ, யாருகிட்டயும் கேக்க வேண்டாம், நீங்களே கைய நீட்டி எடுத்துப் பாருங்க. அவர் பணிவாகக் கையை நீட்டிக் கதவைத் திறந்தார். உள்ளே தூக்குச்சட்டி, வெற்றிலைப் பொட்டலம், மடித்து வைத்த ஒரு கைலி. கைலி கீழே விழுந்தது. அவர் குனிந்து அதை எடுத்தார்.

"சார், அது என் பீரோ சார்" என்றார் அட்டெண்டர்.

ராமராஜு முதலில் சிரித்தான். பேராசிரியரும் சிரித்துவிட்டார். கைலியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "மேற்கு மேற்குங்கறீங்களே, எனக்கு எப்படிப்பா தெரியும்? நான் மெட்ராஸ்காரன். மேற்குன்னா மாம்பலம்தான் தெரியும்."

"மலை அங்கிட்டு இருக்குல்லா சார்" என்றான் தங்கப்பாண்டி, கையைக் காட்டி.

"எங்கே? அங்கே சுவர்தானே இருக்கு?"

நாங்கள் எல்லோரும் அந்தச் சுவரைப் பார்த்தோம். பீரோக்களும் அவற்றுக்கு மேலே சுண்ணாம்பும் மட்டும் இருந்தன. மேற்குச் சுவரில் ஜன்னல் கிடையாது. அதுவரை அது எங்கள் யாருக்கும் தெரியாது.

முதல்வர் சிரிக்கவில்லை.

பேராசிரியர் மேடத்திடம் தன்மையாகவே பேசினார். யோசனை நன்றாக இருக்கிறது, வெளியூர் ஆட்களுக்கும் புரிகிற மாதிரி மாற்றிப் பதிவு செய்யுங்கள் என்றார். குழுவின் அறிக்கையில் நூலகத்துக்கு ஒரே வாக்கியம். உரிய வழிகாட்டி தயாரான பின் திறந்த அலமாரி முறையைப் பரிசீலிக்கலாம். பின்னாளில் மதுரையில் ஒரு செய்தித்தாளில் உதவி ஆசிரியராக இருந்தபோது இப்படிப்பட்ட வாக்கியங்களை நிறையத் திருத்தியிருக்கிறேன். அதில் குற்றம் எதுவும் இல்லை. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் படிக்கலாம்.

முதல்வர் ஒரு பக்கமாகப் படித்தார். "கமிட்டி முன்னால அட்டெண்டர் கைலிய எடுத்துக் காட்டுன லைப்ரரி நம்மதாம்மா இருக்கும்" என்றார்.

7

மேடம் மூன்று வார அவகாசம் கேட்டு வாங்கினார். இடது வலது வைத்து மறுபடி எழுத உட்கார்ந்தோம். அது சுலபமாக இல்லை. தங்கப்பாண்டி ஒரு பக்கம் பார்த்து நிற்பான், ராமராஜு அவனுக்கு எதிரே நிற்பான். இருவரும் இடது என்று வேறு வேறு பீரோவைக் காட்டுவார்கள்.

"ஒன் இடதாலே, என் இடதா?"

"கேக்குறவன் இடது."

"அவன் எந்தப் பக்கம் பாத்து நிக்கான்னு கேசட்டுக்கு எப்படித் தெரியும்?"

கடைசியில் மேடம் ஒரு வழி சொன்னார். வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றால் இடது, வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றால் வலது. ஒவ்வொரு வரியிலும் அதைச் சேர்த்தோம். அப்படி நின்றால் முகம் மேற்கே இருக்கும். அதைச் சொல்லவில்லை.

வெளியூர்க்காரர் யாரையாவது வைத்துச் சோதிக்க வேண்டும் என்று தேடினோம். மில்லுக்கு இயந்திரம் பூட்ட வந்திருந்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவரை ராமராஜு கூட்டி வந்தான். அவர் கேசட் சொன்னபடி நடந்து சரியான பீரோ முன் நின்றார். புத்தகத்தை எடுத்து எங்களிடம் காட்டினார். மேடம் கைதட்டினார். அவர் கைதட்டி நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

கேசட்டோடு முதல்வர் அறைக்கு நால்வரும் போனோம். வழியில் வராந்தாவில் தச்சர் உட்கார்ந்து பழைய பீரோக் கதவுகளுக்குக் கம்பி வலை அடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போல உள்ளே இருப்பது தெரியும், கையை விட முடியாது.

"வலை வாங்கியாச்சும்மா. ஆளும் வந்தாச்சு. இனிமே என்ன?" என்றார் முதல்வர். கேசட்டை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தார். "இது இருக்கட்டும். பின்னால பாப்போம்."

மேடம், "சரி சார்" என்றார்.

வெளியே வந்ததும் ராமராஜு எதையோ சொல்ல ஆரம்பித்தான். "விடுலே" என்றார் மேடம். "மணி நாலாச்சு. அந்த பஸ்ஸ விட்டா எனக்கு அடுத்தது ஆறுக்குத்தான்."

சித்திரையோடு அவருடைய வேலை முடிந்தது. சாவிக்கொத்து மறுபடி அட்டெண்டர் இடுப்புக்கு வந்தது. கடைசி வருடம் நாங்கள் சீட்டு எழுதித்தான் புத்தகம் வாங்கினோம். தங்கப்பாண்டி வாங்கவில்லை. அவன் பிறகு போலீசில் சேர்ந்தான்.

8

மதிய உணவுக்குப் பிறகு மார்கரெட்டின் தாளை வாங்கிக்கொண்டு பின்வாசலிலிருந்து நடந்தேன். மஞ்சள் அம்புகள் படிக்கட்டோடு முடிந்துவிட்டன. மேலே எழுத்துதான். தகவல் மேசையில் வலப்புறம் திரும்பவும் என்றிருந்தது. திரும்பினேன். நடந்துபோய் ஒரு கதவின் முன் நின்றேன். துப்புரவுச் சாமான்கள் வைக்கும் அறை. கைப்பிடியைத் தொடவில்லை. நின்றேன்.

பின்னால் வந்துகொண்டிருந்த மாணவன் குறித்துக்கொண்டான். மார்கரெட் மகிழ்ச்சியோடு ஓடி வந்தார். முன்வாசல் லிஃப்டில் வருபவர்களை நினைத்து எழுதிவிட்டார்களாம். பின்படிக்கட்டில் வந்தால் வலது மாறிவிடும் என்று யாருக்கும் தோன்றவில்லையாம்.

"இதற்குத்தான் நீ வேண்டும் என்றேன்!" என்றார்.

அன்று மாலைக்குள் அந்த வரியை மாற்றிவிட்டார்கள். வழிகாட்டி அடுத்த பருவத்தில் வெளிவரும். நன்றி சொல்லும் பக்கத்தில் என் பெயரும் வருமாம்.

9

போன கோடையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் பாக்கியம் மேடத்தைப் பார்த்தேன். அவர்தான் முதலில் அடையாளம் கண்டார்.

"ஏட்டி, சபூராவா? எம்புட்டு நாளாச்சு!"

"நல்லாருக்கீங்களா மேடம்?"

"இருக்கேன். வத்திராயிருப்புப் பக்கம் ஒரு ஸ்கூல்ல லைப்ரரி. லைப்ரரின்னா ஒரு பீரோ. சாவி ஹெட்மாஸ்டர்கிட்ட."

"கேட்டாக் குடுப்பாரா?"

"கேக்கணும்லா."

நான் எங்கே இருக்கிறேன், என்ன வேலை என்று சொன்னேன். அவர் என் வேலையைப் பற்றி மட்டும் கேட்டார்.

"அங்க பீரோவெல்லாம் எப்படி?"

"தொறந்துதான் இருக்கு."

"எல்லாமா?"

"எல்லாம் மேடம்."

"மலை இருக்கா?"

"இல்ல."

"பொறவு அவிய எப்படி எடம் கண்டுபிடிக்காவ?"

"போர்டு வச்சிருக்காங்க."

அவர் தலையை ஆட்டினார். கூமாப்பட்டி பஸ் வந்தது. "வாரேன்" என்று ஏறிக்கொண்டார். ஜன்னல் பக்கம் இடம் கிடைக்கவில்லை.

அந்தப் பயணத்தில்தான் அண்ணன் வீட்டு மேசையில் பழைய வாக்மேன் கிடைத்தது. உள்ளே முதல் கேசட். எடுத்து வந்து இங்கே சமையலறை அலமாரியில் வைத்திருந்தேன். பத்தாண்டு நிறைந்த அன்று இரவு உணவுக்கு முன்னால், மார்கரெட்டின் சோதனையையும் எங்கள் கல்லூரிக் கேசட்டையும் பற்றிக் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, நஸ்ரின் காதில் விழுந்தது. அந்தக் கேசட்டைக் கேட்க வேண்டும் என்றாள். அவளாக எதையும் கேட்டு நாளாகிறது. வரவேற்பறை டேப்ரெக்கார்டரில் போட்டேன்.

மின்விசிறி இல்லாத அந்த ஹாலின் அமைதி முதலில் கேட்டது. பிறகு என் பத்தொன்பது வயதுக் குரல். நஸ்ரின் எழுந்து, கேசட் சொன்னபடியே நடக்க ஆரம்பித்தாள். சோபாவைப் பேப்பர் மேசை என்று வைத்துக்கொண்டாள். தமிழ், கணக்கு, பௌதிகம் என்று என் குரல் சொல்லிக்கொண்டு போனது. மில் சங்கு ஊதி முடிந்தது.

"செத்த மேக்க போயி" என்றது கேசட்.

அவள் யோசிக்கவில்லை. என்னிடம் லெஃப்டா ரைட்டா என்று கேட்கவும் இல்லை. கம்பளத்தில் தொழுகைக்கு ஒட்டிய வெள்ளை நாடா காட்டுகிற பக்கமாக நடந்தாள். தெக்க பாத்து நில்லுங்க என்றதும் அப்படியே நின்று, அடுத்த வரிக்காகக் காத்திருந்தாள்.

"ஒங்களுக்கு நேரா இருக்கது தொறந்த பீரோ. யாருகிட்டயும் கேக்க வேண்டாம். நீங்களே கைய நீட்டி எடுத்துப் பாருங்க."

நஸ்ரின் கையை நீட்டினாள். அவளுக்கு நேராக அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் இருந்தது.